முதலில் லாங்டாங், அப்புறம் கோசாயின்குண்டா

அண்ணிக்குக் கோசாயின்குண்டா ஏரியின் தீர்த்தம் வேண்டும், எனக்கு லாங்டாங் பள்ளத்தாக்கு வேண்டும். நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில் இரண்டும் ஒரே தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் எங்கே போவது என்பதில் சண்டை வரவில்லை. எதை முதலில் பார்ப்பது என்பதில் வந்தது.

சிவபெருமான் ஆலகால விஷத்தைக் குடித்துவிட்டு, தொண்டை எரிச்சல் தாங்காமல் திரிசூலத்தால் மலையைக் குத்தித் தண்ணீர் வரவழைத்த இடம் கோசாயின்குண்டா என்பது நம்பிக்கை. பிரதோஷம் ஒன்றைக்கூட விடாத அண்ணிக்கு வேறென்ன வேண்டும்? துன்சே என்ற ஊரிலிருந்து நேராக ஏறினால் இரண்டாம் நாள் சாயங்காலமோ மூன்றாம் நாள் காலையிலோ ஏரிக்கரையில் நிற்கலாம். "அதுக்கு எதுக்கும்மா லாங்டாங் கீங்டாங்னு ஊரைச் சுத்தணும்?" என்றார்.

நான் உயரக் கணக்கைக் காட்டினேன். துன்சே கிட்டத்தட்ட 2,000 மீட்டர். ஏரி 4,380 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவாகவே கிடைக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இன்றைக்குப் படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. துன்சேயிலிருந்து நேராகப் போகிறவர்கள் நடுவில் சந்தன்பாரியில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாளே ஆயிரம் மீட்டர் ஏறுகிறார்கள். இந்த ஏரிக்கு வரும் பக்தர்களையே வைத்து நேபாள மருத்துவர்கள் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். பரிசோதித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலைநோய் இருந்தது. கால் தள்ளாடியவர்களும், எங்கே இருக்கிறோம் என்றே குழம்பியவர்களும் அதில் உண்டு. சாமி கும்பிட வந்தவர்கள் என்பதால் உடம்பு சலுகை தருவதில்லை.

அண்ணிக்கு வயது ஐம்பத்தெட்டு. அண்ணன் ராணுவத்தில் இருந்த காலத்தில் வடக்கே பல ஊர்களில் குடித்தனம் நடத்தியவர். இந்தி நன்றாக வரும், குளிருக்குப் பயம் கிடையாது, யார் சொன்னாலும் சட்டென்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். கடைசியில் "சரி, உன் பள்ளத்தாக்கையே முதல்ல பார்த்துத் தொலைப்போம்" என்று இறங்கிவந்தார். ஏப்ரல் கடைசியில் கிளம்பினோம்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். இந்திய ரூபாய் 100 கொடுத்தால் நேபாள ரூபாய் 160, மாறாத விகிதம். லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு சார்க் நாட்டுக்காரர்களுக்கு 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் கைடு இல்லாமல் இந்தப் பாதைகளில் நடக்கக் கூடாது என்று விதி. நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும். பஸ்ஸுக்குக் காலையில் போகிறவர்கள் அந்தக் கால் மணியை மறக்க வேண்டாம்.

காட்மாண்டுவிலிருந்து சியாப்ருபேசிக்குப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். திரிசூலி ஆற்றை ஒட்டிப் போகும் மலைச்சாலை. மண் சரிந்த இடங்களில் பஸ் ஒரு பக்கமாகச் சாயும்போது உள்ளே எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். துன்சேயில் ராணுவத்தினர் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அண்ணி அவர்களிடம் எந்தப் படைப்பிரிவு என்று விசாரித்தார்.

எங்கள் கைடு ரசுவாவைச் சேர்ந்த தமாங் இனத்து இளைஞர். முதல் ஒரு மணி நேரத்திலேயே அண்ணிக்கு அவர் 'தம்பி' ஆகிவிட்டார். அவருக்கு அண்ணி 'டூலி திதி', அதாவது பெரியக்கா. நான் 'சானி திதி', சின்னக்கா. மூன்று பேருக்கும் பொது மொழி இந்தி. என் இந்தியைக் கேட்டுத் தம்பி முகத்தில் காட்டிய பொறுமையை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

சியாப்ருபேசி 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. திபெத்திலிருந்து வரும் போட்டே கோசி ஆறும் லாங்டாங் கோலா ஆறும் அங்கே சேர்கின்றன. நாம் லாங்டாங் கோலாவின் கரையோடு மேலே போக வேண்டும். அமைதியான பள்ளத்தாக்கு என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முதல் இரண்டு நாள் காதில் ஆற்று இரைச்சலைத் தவிர வேறொன்றும் விழாது. கத்தித்தான் பேச வேண்டும். வண்டிச் சத்தம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டளவு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்து புரண்டு வருகிறது. இரவு லாமா ஹோட்டல் என்ற இடத்தில் படுத்தோம். ஹோட்டல் என்றதும் எதையும் கற்பனை செய்ய வேண்டாம், அது ஊரின் பெயர். மரப்பலகை லாட்ஜுகள் சில இருக்கின்றன. அறைச் சுவர் பலகையில் கை வைத்தால் ஆற்றின் அதிர்வு தெரிந்தது.

வழியில் எதிர்க்கரைச் செங்குத்துப் பாறையில் காட்டுத் தேனடைகள் தொங்குவதைத் தம்பி காட்டினார். மூங்கில் புதர்களில் வெள்ளைத்தலை லங்கூர்கள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றன. மணிச் சத்தம் கேட்டால் கோவேறு கழுதைகள் வருகின்றன என்று அர்த்தம். சட்டென்று மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. சுமைக்காரர்கள் கூடையை முதுகில் வைத்து அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். தகரம், சிலிண்டர், அரிசி மூட்டை, ஒருமுறை ஒரு முழு பீரோ. அதைச் சுமந்தவர் நின்று இளைப்பாறும்போது கீழே T வடிவக் கட்டையை முட்டுக்கொடுத்து, பாரத்தை இறக்காமலே அதன்மேல் நிறுத்திக்கொண்டார். என் பையின் எடையைப் பற்றி அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

கோடாதபேலா வரும்போது 3,000 மீட்டர். அங்கே பள்ளத்தாக்கின் வடிவமே மாறிவிடுகிறது. அதுவரை ஆறு அறுத்த ஒடுக்கமான பள்ளம். அதற்கு மேலே ஒரு காலத்தில் பனியாறு தேய்த்து அகட்டிய அகன்ற தளம். காடு விலகி வானம் பெரிதாகிறது. ஆற்றின் இரைச்சல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. படித்த அமைதி இங்கேதான் ஆரம்பம்.

லாங்டாங் கிராமத்துக்குச் சற்று முன்னால் பாதை கற்குவியல் மேலே ஏறியது. ஏதோ பழைய நிலச்சரிவு என்றுதான் முதலில் தோன்றும். நடக்க நடக்கக் கல்லும் மண்ணும் முடியவே இல்லை. தம்பி வேகத்தைக் குறைத்தார். "திதி, ஊர் இதுக்குக் கீழேதான் இருக்கு" என்றார்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11:56. நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கம். லாங்டாங் லிருங் 7,200 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம். ஊருக்கு நேர் மேலே நிற்கிறது. அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பனி பெய்திருந்தது. அதிர்ச்சியில் பனியும் பனிப்பாறையும் கல்லும் பிடுங்கிக்கொண்டு செங்குத்து முகட்டிலிருந்து விழுந்தன. விழுந்த வேகத்தில் எழுந்த காற்றே எதிர்ச்சரிவுக் காட்டை மொத்தமாகப் படுக்கவைத்துவிட்டது. ஊர் புதைந்தது. உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டு நடைப்பயணிகளுமாக 300க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பாறை விளிம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு வீடு மட்டும் நின்றது, இன்றும் நிற்கிறது.

எதிர்ச்சரிவைப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் பழைய மரங்கள் வெளுத்துப்போய், எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே இளமரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. என் காலடியில் ஒரு நெளிதகரத் துண்டு, துணியைப் பிழிந்தது போல ஒரு கல்லைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போக முயன்றேன், அண்ணி சுற்றிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து நானும் சுற்றினேன்.

நாங்கள் போனது நினைவுநாள் முடிந்த சில நாட்களில். நினைவிடத்தில் வெள்ளைக் கதா சால்வைகள் இன்னும் புதிதாக இருந்தன. கல்லில் பெயர்கள். ஒரே வீட்டுக்காரர்கள் என்று ஊகிக்கும்படி அடுத்தடுத்த பெயர்கள். அண்ணி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, உதடு அசையப் படித்துக்கொண்டே போனார். வெளிநாட்டுப் பெயர்களில் தடுமாறினாலும் விடவில்லை. எனக்கு முதல் பத்தியோடு கண் வேறு பக்கம் போய்விட்டது. அவர் கடைசிவரை படித்தார்.

பிழைத்தவர்கள் காட்மாண்டுவில் ஒரு பௌத்த மடத்து வளாகத்தில் பல மாதம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பழைய ஊருக்குச் சற்று மேலே புது ஊர். வீடுகளெல்லாம் நீலத் தகரக் கூரையோடு, லாட்ஜாகவும் வீடாகவும் சேர்ந்தே எழும்பியிருக்கின்றன. நாங்கள் தங்கிய லாட்ஜை நடத்தும் அம்மா கோடுபோட்ட ஏப்ரன் துணியை இடுப்பில் கட்டியிருந்தார். அடுப்பில் சாணி வறட்டி போட்டுக்கொண்டே, அன்றைக்குத் தான் காட்மாண்டுவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்ததாகத் தம்பியிடம் சொன்னார். தம்பி எங்களுக்கு இந்தியில் சொன்னார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பருப்பு சாதம் இன்னும் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். தால் பாத்தில் இரண்டாம் தடவைக்குக் காசு கிடையாது என்பது நேபாள மலைப்பாதைகளின் எழுதாத சட்டம். அண்ணி மூன்றாம் தடவையும் வாங்கிக்கொண்டார். பசியால் அல்ல என்று நினைக்கிறேன்.

மறுநாள் கியாஞ்ஜின் கோம்பா வரை சும்மா உலாத்துகிற தூரம்தான். ஆனால் 3,870 மீட்டர் என்பதால் உலாத்தினாலே மூச்சு வாங்கும். வழி நெடுக மணிச்சுவர்கள்: 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கிய கல்பலகைகளை வரிசையாக அடுக்கிய நீளமான சுவர்கள். சுவரை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். தம்பி சொல்லித்தர வாயெடுப்பதற்குள் அண்ணி சரியான பக்கம் போய்க்கொண்டிருந்தார். வலம் வருவதை அவருக்கு யார் கற்பிக்க வேண்டும்? ஓடையின் மேல் சிறு குடில்கட்டி, தண்ணீர் விசையில் தானே சுற்றும் பிரார்த்தனை உருளைகளும் உண்டு. ராத்திரி பகலாக மந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆள் வேண்டாம். இந்த ஏற்பாடு அண்ணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கியாஞ்ஜினில் இரண்டு இரவு. அந்த இரண்டு இரவுகள்தான் இந்தப் பயணத்தின் முதுகெலும்பு. உடம்பு முதல் சில நாளில் மூச்சை வேகப்படுத்திக்கொள்கிறது, தூக்கத்திலும்கூட. அதற்கு ஈடாகச் சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிக்கட்டுகிறது. அதனால்தான் நள்ளிரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து வெளியே ஓட வேண்டியிருக்கிறது. எரிச்சல்தான், ஆனால் நல்ல அறிகுறி. அண்ணிக்கு முதல் நாள் லேசான தலைவலி. பூண்டு சூப், நிறையத் தண்ணீர், பேசாமல் வெயிலில் உட்கார்ந்திருப்பது. பூண்டு சூப்புக்கு மருத்துவ ஆதாரம் என்ன என்று நான் ஆராயப் போவதில்லை, சூடாக இருந்தது. தலைவலி போகும்வரை மேலே ஏறுவதில்லை என்பதில் மட்டும் தம்பி கறாராக இருந்தார். மறுநாள் போய்விட்டது.

இங்கே 1950களில் சுவிட்சர்லாந்து நாட்டு உதவியோடு தொடங்கிய பாலாடைக்கட்டிக் கூடம் இன்னும் நடக்கிறது. யாக் மாட்டுக்கும் நாட்டு மாட்டுக்கும் பிறந்த சௌரிகளின் பாலும் அதற்குப் போகிறது. கெட்டியான, லேசாகக் கொட்டைச் சுவை உள்ள கட்டி. ஒரு துண்டு வாங்கிக் கடைசிவரை பையில் வைத்துச் சீவிச் சீவித் தின்றேன். ஊருக்குப் பின்னால் இருக்கும் கியாஞ்ஜின் ரீ மேட்டுக்கு நான் தனியாகத் தம்பியோடு ஏறினேன். உச்சி 4,700 மீட்டர் சொச்சம். லிருங்கின் பனியாறு ஏதோ பெரிய மிருகத்தின் முதுகு என்று எழுதலாம்தான். ஆனால் பக்கத்தில் பார்த்தால் அது அழுக்குக் கற்குவியல். உள்ளே எங்கேயோ பனி இருக்கிறது, அவ்வளவுதான். அழகு மேலே, லிருங்கின் தலையில். லிருங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே கண்ட தகரத் துண்டு ஞாபகத்துக்கு வந்து, போட்டோ எடுக்கும் ஆசையைக் கெடுத்தது. எடுக்காமல் இல்லை. எடுத்தேன்.

அப்புறம் வந்த வழியே கீழே. பாதி தூரத்தில் பைரோ அருகே கிளை பிரிந்து, தொங்குபாலம் தாண்டி, டூலோ சியாப்ரு என்ற தமாங் ஊருக்கு ஏறினோம். மலை முதுகின் மேல் வரிசையாக வீடுகள், செதுக்குமர ஜன்னல்கள். ஊர் 2,200 மீட்டர்தான். இவ்வளவு ஏறிவிட்டு ஏன் இறங்கினோம் என்று அண்ணி முறைத்தார். இரண்டு மூன்று நாள் கீழே இருந்தாலும் உடம்பு பழகியதை உடனே மறந்துவிடாது என்று சமாதானம் சொன்னேன். அங்கிருந்து சந்தன்பாரி வரை ஒரு நாள் முழுக்க ஏற்றம். நேபாளத்தின் தேசிய மலரான லாலி குராஸ் அந்தச் சரிவில் பூத்துக் கிடந்தது. கீழே சிவப்பு, மேலே போகப் போக ரோஜா நிறம், இன்னும் மேலே வெள்ளை. பாதை முழுக்க உதிர்ந்த பூ. சிவப்புப் பாண்டாக்கள் இருக்கும் காடு என்றார்கள். எங்களுக்குத் தரிசனம் இல்லை. மத்தியானம் ஆனால் மேகம் வந்துவிடும், ஏப்ரலில் அது தினப்படி வழக்கம். சந்தன்பாரி வாசலில் ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. அண்ணி பனிக்கட்டியைக் கையில் பிடித்து, பூவோடு சேர்த்து, அங்கேயே மலையைப் பார்த்து ஒரு அர்ச்சனை முடித்துவிட்டார்.

லௌரீபினா 3,910 மீட்டர். அங்கே தங்கி, இருட்டோடு கிளம்பினோம். அந்த விடியலில் மேற்கே கணேஷ் ஹிமாலும் அதற்கு அப்பால் மனாஸ்லுவும் தெரிந்தன. எனக்கு அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை, அதனால் விடுகிறேன். பாதையைப் பற்றி எழுதுகிறேன், அது உங்களுக்குப் பயன்படும். முகட்டைத் தாண்டியதும் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக் குறுகலாகப் போகிறது. ஒரு பக்கம் நேர்ப்பள்ளம். நிழல் விழும் இடங்களில் பனி மிதிபட்டு இறுகி வழுக்குகிறது. காலணியில் மாட்டும் முள்வளையங்களைத் தம்பி கொண்டுவந்திருந்தார். மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள் அது இல்லாமல் போக வேண்டாம். முதலில் கீழே சரஸ்வதி குண்டா, அடுத்து பைரவ குண்டா, அப்புறம் ஒரு சின்ன மேடு, அதன் பின்னால் கோசாயின்குண்டா. சுற்றிலும் 108 ஏரிகள் என்று சொல்வார்கள். 2007இல் இந்த ஏரிக்கூட்டம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

நான் நீலநிறத் தண்ணீரை எதிர்பார்த்துப் போகவில்லை, அந்த மாதத்தில் ஏரி உறைந்திருக்கும் என்று தெரியும். அண்ணிக்கும் சொல்லியிருந்தேன். ஆனாலும் நேரில் பார்க்கும்போது அவர் முகம் விழுந்தது. பெரிய வெள்ளைத் தட்டையான பரப்பு. நடுவில் ஏதோ பிராணியின் கால்தடம். தண்ணீருக்குள் இறைவன் பள்ளிகொண்ட கோலத்தில் ஒரு பாறை தெரியும் என்று பக்தர்கள் சொல்வார்கள். அது இப்போது எங்கேயோ அடியில். கரையில் சிறிய சிவன் சன்னிதி, திரிசூலங்கள், மணிகள். வேறு யாரும் இல்லை.

கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, ஏரித் தண்ணீர் வெளியேறும் பக்கம் தம்பி கூட்டிப்போனார். அங்கே பனி விட்டுக்கொடுத்திருந்தது. இரண்டு ஆள் படுக்கும் அளவுக்குக் கறுப்பான தண்ணீர். அதன் விளிம்பில் பனிக்கட்டி கண்ணாடிச் சில்லு போல மெலிந்து, கீழே தண்ணீர் அசையும்போது கிணுகிணுவென்று ஒன்றோடொன்று தட்டியது. அண்ணி முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முங்கக் கூடாது என்று முதல்நாள் இரவே சத்தியம் வாங்கியிருந்தோம். கையுறையைக் கழற்றி மூன்று கை தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். நாலாவது கையை என் தலையில் கொட்டினார். நான் போட்ட கூச்சலில் தம்பி சிரித்துவிட்டார். அப்புறம் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் கூஜா வெளியே வந்தது. அத்தனை மலையும் ஏறி இறங்கி, சாக்லேட்டைக்கூடக் குறைத்துக்கொண்டு, இதைச் சுமந்திருக்கிறார்.

எனக்குக் கியாஞ்ஜினிலிருந்தே தொண்டை புண். உயரத்தில் காற்று குளிர்ந்து வறண்டு இருக்கும்; வாயால் மூச்சு வாங்கி வாங்கித் தொண்டை உரிந்துவிடும். இருமல் நின்றபாடில்லை. தம்பி சொன்னார்: "திதி, இந்த இடத்துல தொண்டை எரிஞ்சா குறையா நினைக்கக் கூடாது. சிவனுக்கே எரிஞ்சது."

அவர் பௌத்தர். அவர் வீட்டில் சிவனுக்கும் பூஜை உண்டு, மகாதேவ் என்றுதான் சொல்கிறார். ஆகஸ்ட் வாக்கில் வரும் ஜனை பூர்ணிமாவுக்கு இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். பூணூல் மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் ஒருபுறம், மேளம் அடித்து ஆடிக்கொண்டு வரும் ஜாங்க்ரி பூசாரிகள் ஒருபுறம். நம் ஆவணி அவிட்டத்தையொட்டி வரும் அதே பௌர்ணமிதான். சின்ன வயதில் பாட்டியோடு நடந்தே வந்திருப்பதாகச் சொன்னார். அண்ணி உடனே, விஷம் குடித்த கதையை அவர்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார். பாற்கடல், பாம்புக்கயிறு எல்லாம் அதேதான். தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார் என்பதும் அதேதான். சொல்லிவிட்டுத் தம்பி, "எங்க பக்கம் எல்லாருக்குமே கொஞ்சம் அப்படித்தான், திதி" என்றார். அண்ணி கூஜா மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தம்பியின் அத்தை வீடு பழைய லாங்டாங்கில் இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கற்குவியல் மேல் எங்களோடு நடந்தபோது அவர் அதைச் சொல்லவில்லை.

நேராக ஏரிக்கு வந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. நடந்திருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது. எந்த வரிசையில் போவது என்று யாராவது கேட்டால் உயரக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அது சொல்ல எளிது.

லௌரீபினா கணவாய் 4,610 மீட்டர். அதைத் தாண்டி ஹேலம்பு வழியாகக் காட்மாண்டுவின் விளிம்பில் இருக்கும் சுந்தரிஜல் வரை நடக்கலாம். அதுதான் என் திட்டம். கணவாயில் இடுப்பளவு பனி, வழி திறக்கவில்லை என்று லாட்ஜில் சொன்னார்கள். தம்பி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். துன்சேக்கு இறங்கினோம். இறக்கம் முழங்காலைத் தின்றுவிடும், இரண்டு கைக்கும் கோல் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காட்மாண்டுவில் ஊருக்குக் கிளம்ப ஒரு நாள் மிச்சம் இருந்தது. அண்ணியைப் பக்கத்தில் இருக்கும் பாட்டன் நகரத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே கும்பேஸ்வரர் கோயில், 1392இல் கட்டியது. ஐந்து அடுக்குக் கூரை. நேபாளத்தில் ஐந்து அடுக்குக் கோயில்கள் அபூர்வம், பக்தபூரில் இருக்கும் ந்யாதபோலா இன்னொன்று. வளாகத்தில் ஒரு குளம். அண்ணி பூ வாங்கிய இடத்தில் நின்று பூக்காரம்மாவோடு இந்தியில் பேச்சை ஆரம்பித்தார். கோசாயின்குண்டா போய்விட்டு வருகிறோம் என்று பெருமையாகச் சொன்னார். அந்தம்மா குளத்தைக் கைகாட்டி, இதுவும் கோசாயின்குண்டா தண்ணீர்தான், பூமிக்கு அடியில் அங்கிருந்தே வருகிறது, மலை ஏற முடியாதவர்கள் ஜனை பூர்ணிமாவுக்கு இங்கேயே குளித்துவிடுவார்கள் என்றார்.

அண்ணி குளத்தைப் பார்த்தார். தோள்பையில் இருந்த கூஜாவைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எப்போலேர்ந்து?"

"டிக்கெட் போடறதுக்கு முன்னாலேர்ந்து."